ஒற்றைக் கோடு

ஜூன் 12, வியாழன்

குச்சியை மேல் ஈறில் ஒரு தடவை, கீழ் ஈறில் ஒரு தடவை இழுக்க வேண்டும். அதற்கு அரைமணி முன்னாலிருந்து எதுவும் தின்னவோ குடிக்கவோ கூடாது. பிறகு குச்சியைச் சின்னக் குழாயிலுள்ள மருந்துத் தண்ணீரில் நட்டுவைத்து இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் எச்.ஐ.வி. இல்லை. இரண்டு கோடு வந்தால் பயப்படாமல் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். ‘பயப்படாமல்’ என்பதை ரெஜினா மேடம் அழுத்தி அழுத்திச் சொன்னார். அவர்தான் தொண்டு நிறுவனத்திலிருந்து வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

மகளிர் குழுவிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் வாய்தான் காரணம். “துளசிமணி பேசுனா கதவு தொறக்கும்” என்றார்கள். எங்கள் காலனியில் முக்கால்வாசி ஆண்கள் போர்வெல் வண்டியில் வேலை பார்க்கிறவர்கள். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் சத்தீஸ்கர், ஒடிசா என்று மாதக்கணக்கில் துளை போட்டுவிட்டு மழைக்காலத்தில்தான் வீடு திரும்புவார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் நின்று இந்தப் பரிசோதனை செய்ய ஒருத்திக்கும் தைரியம் வராது. அதனால் வீட்டுக்கே பெட்டி.

அட்டையில் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஏற்கெனவே எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பெட்டியைக் கொடுக்கக் கூடாது. மாத்திரை உள்ளே கிருமியை அடக்கி வைத்திருக்கும். குச்சி ஏமாந்து ஒரு கோடு காட்டிவிடும். அதனால் கொடுப்பதற்கு முன்னால் ‘தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டே ஆகவேண்டும்.

பெட்டிகளை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மகள் தாரணி கேட்டால் பல்பொடி என்று சொல்ல வேண்டும். நாலாவது படிக்கிறாள், எல்லாப் பெட்டியையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

தாரணி அப்பா போன் செய்தார். ராய்ப்பூர் பக்கம் மழை ஆரம்பித்துவிட்டதாம். வண்டி வயலுக்குள் இறங்காது, இந்த மாதக் கடைசியில் கிளம்பிவிடுவோம் என்றார். நான் சேர்ந்திருக்கும் வேலையைச் சொன்னேன்.

“அந்தக் கருமமெல்லாம் உனக்கெதுக்கு துளசி?”

“ஏன் மாமா, நல்ல காரியந்தான? ஊடு ஊடாப் போயிக் குடுத்துட்டு வரப்போறேன்.”

“எவனாவது செருப்பெடுத்து அடிப்பான்.”

பிறகு தாரணியின் படிப்பைப் பற்றிக் கேட்டார். தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். வைக்கிற நேரத்தில், “நீ பாத்துக்கிட்டியா, அந்த டெஸ்ட்டு?” என்றார்.

“இன்னும் இல்ல.”

“பாத்தா ஒடனே எனக்கு போன் போடு.”

குரல் ஒரு மாதிரி இருந்தது. மழையில் நனைந்து சளி பிடித்திருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று முதல்முறையாகப் பெட்டிகளோடு போனேன். இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், பெட்டியை வாங்கவில்லை. எதிர்வரிசை அமுதவல்லி அக்கா மட்டும் குச்சியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரரும் போர் வண்டிதான்.

“இதென்றி இது, பல்லு வெளக்கற குச்சியாட்டம் இருக்குது?”

“இத வெச்சு ஈறத் தொடச்சாப் போதும்க்கா. ஊசி கெடையாது, ரத்தம் கெடையாது.”

“ரெண்டு கோடு வந்துச்சுன்னா?”

“மருந்து இருக்குதுக்கா. தெனம் ஒரு மாத்தரை. சக்கரை வியாதிக்குத் திங்கறாப்பல தின்னுட்டு நூறு வயசு இருக்கலாம்.”

“நாயம் நல்லாத்தான் பேசற. நீ பாத்துட்டியா?”

“ஓ, பாத்தாச்சே” என்றேன்.

அவள் வாங்கிக்கொண்டாள். பார்க்காமலே பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலையில் பார்த்துவிட்டால் அது பொய்யில்லை.

ஜூன் 18, புதன்

இன்று முடியவில்லை. போர்வை எல்லாம் துவைத்துப் போட்டேன்.

ஜூன் 21, சனி

செய்தேன்.

தாரணி டியூஷன் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். குச்சியை இழுக்கும்போது பல்லில் தட்டியது. குழாயில் நட்டுவைத்துவிட்டு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தேன். கீரையைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தேன். கீழிருந்து ஈரம் மெல்ல ஏறியது. எனக்கு எதற்குப் பயம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நான் எங்கே போனேன், யாரைப் பார்த்தேன்? அவரேகூட இரண்டு வருடமாக...

ஒரு கோடு. மேலே ஒன்றே ஒன்று. நேரம் முடிந்த பிறகும் பார்த்தேன், ஒன்றுதான்.

முகத்தைச் சேலையில் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அவருக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“சாமி காப்பாத்திருச்சு. நம்ம சாமி காப்பாத்திருச்சு புள்ள.”

எனக்கு இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. உருவிய கீரையில் பாதி காம்பாக இருந்தது. பருப்போடு சேர்த்துக் கடைந்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

மயிலாத்தா அக்காவுக்கு இரண்டு கோடு.

அவள் வீட்டுக்காரர் வண்டியில் சமையல்காரராக இருந்து போன வருடம் இறந்துபோனார். குச்சியை மடியில் மறைத்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, “துளசி, இது ரெண்டா, ஒண்ணா? எனக்குக் கண்ணு செரியில்லை” என்றாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

இருவரும் நம்பிக்கை மையத்துக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், உறுதியாகிவிட்டது. அங்கிருந்த கவுன்சிலர் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டே பேசினாள். மாத்திரை எப்படியிருக்கும் என்று காட்ட ஒரு டப்பாவைத் திறந்தாள். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. உள்ளே நீளமான வெள்ளை மாத்திரைகள். ஒரு பக்கம் எழுத்து குத்தியிருந்தது. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே நேரத்தில், ஒரு நாளும் விடாமல்.

மயிலாத்தா அக்கா பஸ்ஸில் அழவில்லை. “நீ ஏன் துளசி இப்படி வெளுத்துப் போயிட்ட?” என்று என்னைக் கேட்டாள். வெயில் என்றேன்.

வந்ததும் மாவு ஆட்டினேன். உளுந்து பத்தாமல் இட்லி கல் மாதிரி வரப்போகிறது.

ஜூலை 2, புதன்

காலையில் அவர் வந்தார். மெலிந்திருக்கிறார், ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. தாரணிக்கு ஒரு ஸ்கூல் பை, எனக்குக் கிளிப்பச்சைச் சேலை. பையைத் திறந்து அழுக்குத் துணிகளை நானே எடுத்துவிடுகிறேன் என்றபோது, “இரு இரு” என்று பையை வாங்கிக்கொண்டார். எப்போதும் அப்படித்தான்.

ராத்திரி சாப்பிட்டதும் அந்தத் தகர டப்பாவிலிருந்து சத்து மாத்திரை போட்டுக்கொண்டார். இரண்டு வருடமாகப் போடுகிறார். வண்டியில் எல்லோருக்கும் முதலாளி வாங்கித் தருவதாம். நீளமான வெள்ளை மாத்திரை.

படுக்கையை மாடியில் விரித்துக்கொண்டார். உள்ளே புழுக்கமாம்.

ஜூலை 5, சனி

வீட்டு ஆண்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று ரெஜினா மேடம் சொல்லியிருக்கிறார். சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன்.

“ஊருக்கெல்லாம் குடுத்துட்டுக் கடைசியா எனக்கா?”

“அமுதவல்லி அக்கா ஊட்டுல அண்ணன் பாத்துட்டாரு மாமா. ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு.”

“அவன் பாத்தா நானும் பாக்கோணுமா?”

தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே கையைக் கழுவிவிட்டார். மாத்திரை போட மட்டும் மறக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் அவராகவே வந்து சமையலறை நிலைப்படியில் நின்றார். சவரம் செய்து, குளித்து, திருநீறு பூசியிருந்தார்.

“கொண்டா அத. பாத்துரலாம்.”

“இப்பவா?”

“இப்பத்தான். எத்தனை நாளைக்குத்தான் இப்படியே இருக்கறது? வர்றது வரட்டும். நீயே உங்கண்ணால பாத்துக்க.”

பெட்டியை எடுத்தேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று மற்ற வீடுகளில் சொல்வதைப் போலவே ஒவ்வொன்றாகச் சொன்னேன். அட்டையிலிருக்கும் ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. மறந்துவிட்டது.

குச்சியை நட்டதும் அவர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் பார்க்க அவர் அதைப் பார்க்கவில்லை. “துளசி, என்ன வந்தாலும் தாரணிக்குச் சொல்லாத” என்றார். “என்ன வரப்போவுது” என்றேன்.

ஒரு கோடு.

அவர் அதைக் கையில் எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனார். துடைத்துப் பார்த்தார். “ஒண்ணுதானா?” என்றார். “ஒண்ணுதான்.” “நல்லாப் பாரு. ஒண்ணுதானா?” மூன்றாவது தடவை கேட்கும்போது சிரித்துவிட்டார், சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பெரிய மனிதர் என் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கினார். கடைசியாக அவர் என்னை எப்போது தொட்டார் என்று நினைத்துப் பார்த்தேன்.

நானும் சிரித்தேன். ஒரு கோடு வந்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

ஜூலை 9, புதன்

நாட்டுக்கோழி எடுத்து வந்தார். தாரணியைத் தோளில் தூக்கி வீதியெல்லாம் சுற்றினார். ராத்திரி மாத்திரை போடவில்லை. மறந்திருப்பார்.

ஜூலை 11, வெள்ளி

இன்று அவர் பாயை மாடிக்குக் கொண்டுபோகவில்லை. உள்ளே என் பக்கத்தில் விரித்தார்.

தீட்டு என்று சொன்னேன். “அதுக்கென்ன, சும்மா படுத்திருக்கேன்” என்று கையை மட்டும் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டார். தேதிக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது.

இரண்டு வருடமாக எதற்கு ஏங்கினேனோ அது பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தேன்.

ஜூலை 14, திங்கள்

தாரணி ஒரு தகர டப்பாவைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே தலை க்ளிப்புகள்.

“அப்பா குடுத்துட்டாரும்மா. அவருக்கு இனி வேண்டாமாம்.”

“உள்ள இருந்தது?”

“பொடக்காளில கொட்டிட்டாரு.”

பின்பக்கம் போனேன். துணி துவைக்கும் கல்லுக்கு அந்தப்புறம் சாக்கடை ஓரம் மாத்திரைகள் மழையில் ஊறிக் கிடந்தன. குனிந்து பொறுக்கினேன். சில கையில் மாவாகக் கரைந்தன. கரையாததில் எழுத்து தெரிந்தது.

மயிலாத்தா அக்கா வீட்டுக்குப் போனேன். என்னக்கா, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று சாக்குச் சொல்லி அவள் டப்பாவை வாங்கிப் பார்த்தேன். அதே எழுத்து. அதே நீளம்.

இனி எழுதாமல் இருந்தால் மட்டும் ஒன்றும் மாறப்போவதில்லை. மையத்தில் அந்தப் பெண் டப்பாவைத் திறந்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குச்சியைக் கொடுக்க முடியாது. ஒரு கோடு வரட்டும் என்று நினைத்தேன். பொய்யாகவாவது வரட்டும் என்று நினைத்தேன். வந்தது. அவர் அதை நம்பிவிட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

ரெஜினா மேடத்துக்குப் போன் செய்தேன். என் ஏரியாவில் ஒரு அம்மா, அவள் வீட்டுக்காரர் கூட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்து நிறுத்திவிட்டார் என்றேன்.

“ஏன் நிறுத்துனாரு?”

“நம்ம பெட்டில ஒரு கோடு வந்துருச்சுங்க மேடம். கொணமாயிருச்சுன்னு நெனச்சுட்டாரு.”

மேடம் அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தினார்.

“துளசி, அவரு உடனே மருந்தைத் திரும்ப ஆரம்பிக்கணும். நிறுத்துனா கிருமி மறுபடியும் பெருகும். நாள் போகப் போக மருந்தே கேட்காமப் போயிடலாம். அந்த அம்மாவுக்கும் ஆபத்து. மருந்து இருந்த வரைக்கும் அவங்களுக்குப் பாதுகாப்பா இருந்திருக்கும், இப்ப அது இல்ல. ஆணுறை இல்லாம சேரவே கூடாது. இதை அந்த அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லணும்.”

“சொல்றனுங்க.”

“துளசி. அந்த வீட்டுக்கு நானும் வரட்டுமா?”

“வேண்டாங்க மேடம்.”

எந்த வீடு என்று அவர் கேட்கவே இல்லை.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

நேற்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

இன்று தேங்காய் சுடும் நாள். அவர் தேங்காயைத் தரையில் உரசி வழவழப்பாக்கி, கண்ணைத் துளைத்து, தாரணியை விட்டு வெல்லமும் பாசிப்பருப்பும் எள்ளும் உள்ளே போடச் சொல்லி, குச்சியில் குத்தி மஞ்சள் பூசினார். வீதியில் எல்லோரும் தீ மூட்டியிருந்தார்கள். தேங்காய் வெடிக்கும்போது தாரணி கத்திக்கொண்டு அவர் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

சுட்ட தேங்காயை உடைத்து எனக்கு ஒரு சில்லு ஊட்டிவிட்டு, “துளசி, ஒரு பையனப் பெத்துக்கலாமா?” என்றார்.

எனக்குப் புரையேறியது. தண்ணீர் எடுத்து வந்து கொடுத்துத் தலையில் தட்டினார். “பாரு, பையன்னு சொன்னதுமே உங்கம்மாவுக்கு வெக்கத்தப் பாரு” என்று தாரணியிடம் சிரித்தார்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடம் இருக்கிறது, தாரணி இருக்கமாட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பொடக்காளியில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

“மாமா, கொழாய மூடுங்க.”

“இரு, வீல் மட்டும்.”

நானே மூடினேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரைகளைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அது இனி வேண்டாம் புள்ள. நீதான பாத்த.”

“குச்சி பொய் சொல்லிருச்சு.”

“என்ன?”

“இந்த மாத்தரையத் தின்னுட்டிருந்தா ஒரு கோடுதான் காட்டும் மாமா. உள்ள சீக்கு இருக்கும், குச்சிக்குத் தெரியாது. எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. கொணமாகலை. நீங்க மாத்தரைய உடக் கூடாது.”

ஈரக் கையோடு துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார்.

“அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்குது.”

“ம்.”

“தெரிஞ்சுட்டுத்தான் குச்சியக் குடுத்தியா? தெரிஞ்சுட்டுத்தான் நான் ஆடுனதையெல்லாம் பாத்துட்டு இருந்தியா?”

“உங்களுக்கு ரெண்டு வருசமாத் தெரியுமில்ல?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வொரு சொல்லாக வந்தது. ராய்ப்பூரில் ஒரு பையனுக்கு துளை போடும் கம்பி விழுந்து காலில் அடிபட்டபோது ரத்தம் கொடுக்கப் போனாராம். மறுநாள் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு சேலத்தில் யாருக்கும் தெரியாமல் மருந்து வாங்கிக்கொள்கிறார்.

“எப்படி வந்துச்சுன்னு மட்டும் கேட்டுராத துளசி.”

“நான் அதக் கேக்கலை. எனக்கு ஏன் சொல்லலைன்னு கேக்கறேன்.”

“உனக்கு வந்துரக் கூடாதுன்னுதான் தள்ளியே படுத்தேன்.”

“தள்ளிப் படுத்தீங்க. அதுக்கு முன்னால? அதுக்கு முன்னால ஒண்ணாத்தான இருந்தோம்? எனக்கு வந்திருந்தா? ரெண்டு வருசம் அது எம்மேல ஏறி உக்காந்திருந்தா, ஒரு டெஸ்ட்டுப் பாத்துக்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்களா?”

“பயந்துட்டேன்.”

“நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எம் மூஞ்சி புடிக்காமப் போயிருச்சுன்னு நெனச்சேன். அங்க ஒருத்திய வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். தெனம் கண்ணாடியப் பாத்துப் பாத்து, பவுடர் போட்டு, பூ வெச்சு...” கையிலிருந்த மாத்திரைகளை அவர் மேலே எறிந்தேன். எறிந்துவிட்டு, ஐயோ எறிந்துவிட்டோமே என்று திரும்பப் பொறுக்கினேன்.

அவர் எழுந்து அதே ஈரத்தோடு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போன் கட்டிலில் கிடக்கிறது.

ஜூலை 19, சனி

வரவில்லை. தாரணியிடம் முதலாளி கூப்பிட்டுவிட்டார் என்று சொன்னேன். “அப்பா போன உட்டுட்டுப் போயிட்டாரே” என்றாள். அவளுக்கு எல்லாம் கண்ணில் பட்டுவிடுகிறது.

ஜூலை 20, ஞாயிறு

அமுதவல்லி அக்காவின் ஸ்கூட்டரில் எல்லா இடத்துக்கும் போனோம். வண்டி பட்டறை, பஸ் ஸ்டாண்டு, அவர் தங்கை வீடு. கடைசியாகக் கல்குவாரிப் பள்ளத்துக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். அக்கா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டாள்.

“துளசி, அங்க எதுக்குப் போகோணும்? அப்படி என்னடி சண்டை?”

“சும்மா சண்டைதான்க்கா.”

“சும்மா சண்டைக்குக் குவாரிக்குப் போவாங்களா?”

ஆனாலும் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிறையக் கிடந்தது. கரையில் எங்கேயாவது அவர் பைக் நிற்கிறதா என்று சுற்றிவந்தேன். ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. நான் கிட்டப் போகவில்லை. அக்கா ஓடிப்போய் எடுத்துப் பார்த்துவிட்டு, “பொம்பளச் செருப்புடி, பழசு, பழசு” என்று தூரத்திலிருந்தே கத்தினாள்.

எவளோ ஒருத்தியின் செருப்பு. அவளைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூடக் கவலைப்படவில்லை. அவருடையது இல்லை என்று சாமியைக் கும்பிட்டேன். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. உயிரோடு வந்தால் போதும் என்றிருந்தது.

ஜூலை 21, திங்கள்

காலையில் தெரியாத நம்பர்.

“துளசி.”

“எங்க இருக்கீங்க?”

“சேலத்துல. பெரியாஸ்பத்திரில.”

“என்ன பண்ணிக்கிட்டீங்க?”

“ஒண்ணும் பண்ணிக்கலை. ரெண்டு நாள் எங்கெங்கயோ சுத்திட்டு மாத்தரை வாங்க வந்தேன். நேத்து லீவு. பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்தேன்.” பக்கத்தில் யாரோ பேசினார்கள். “இந்த மேடம் உன்னயக் கூட்டியாரச் சொல்றாங்க. வர்றியா? வராட்டியும் பரவால்ல.”

முதலில் நன்றாகத் திட்டினேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அப்படித் திட்டியதே இல்லை. போனைக் கொடுத்த யாரோ புண்ணியவானின் காதிலும் விழுந்திருக்கும். திட்டி முடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

மருந்து மையத்தின் நடையில் முகத்தில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரும் அப்படியே கடைசி பெஞ்சில் இருந்தார். மூன்று நாள் தாடி, அதே சட்டை. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் துண்டை எடுத்தார். வாங்கிப் போயிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தேன். தலையைத் தூக்காமல் தின்றார்.

உள்ளே டாக்டர் மருந்தைத் திரும்ப ஆரம்பித்தார். கிருமி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் எடுத்தார்கள். எனக்கு எதுவும் இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். கவுன்சிலர் அம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். எனக்கே இல்லாததால் தாரணிக்கு வந்திருக்க வழியில்லை, அவளைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். அவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தே இருந்தால் என்னிடம் வராது என்றார். அதுவரைக்கும் ஆணுறை. பிறகு குழந்தைகூடப் பெற்றுக்கொள்ளலாம் என்றார்.

“அவர மன்னிக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டேம்மா. அது உங்க இஷ்டம். ஆனா ரெண்டு வருசத்துல, வேலைக்குப் போன ஊருலகூட, ஒரு மாசமும் அவர் மருந்து வாங்காம விட்டதில்ல. அதையும் சொல்லணுமில்ல” என்றார்.

மூன்று நாள் தூங்காதவரைப் பைக் ஓட்ட நான் விடவில்லை, அது சேலம் ஸ்டாண்டிலேயே நின்றது. பஸ்ஸில் அவர் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். சங்ககிரி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 30, புதன்

பேசுகிறோம். பால், தண்ணி, கரண்ட்டு பில். அவர் முதுகைப் பார்த்தால் இரக்கமாக இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. ராத்திரி அவர் சாப்பிட்டதும் மாத்திரையையும் தண்ணீரையும் நான்தான் கொண்டுபோய் வைக்கிறேன். விழுங்கும்வரை நிற்கிறேன். இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ரெஜினா மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காமல் விட்ட கேள்வியையும் சொன்னேன். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். “இனிமே ஒரு வீட்டுலயும் அந்தக் கேள்விய விட மாட்டீங்க” என்றார்.

ஆகஸ்ட் 20, புதன்

ரத்த ரிசல்ட் வந்துவிட்டது. கிருமி கொஞ்சம் தலைகாட்டியிருக்கிறது. மருந்து கேட்கிறது, இறங்கிவிடும் என்றார் டாக்டர். கேட்டதும் அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அங்கே மழை முந்தியே விட்டுவிட்டதாம், இன்று வண்டி கிளம்பியது. மூன்று மாத மாத்திரையை நானே பையில் வைத்தேன். தாரணி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அங்கே யாருக்கும் தெரியாது. வெட்கப்பட்டு ஒருநாள் ஒளித்துவைப்பார், ஒருநாள் விடுவார், இரண்டு நாள் விடுவார். இங்கே நான் எதைப் பார்ப்பேன்?

ஏறும்போது, “போன் போடறேன்” என்றார். “எட்டு மணிக்குப் போடுங்க” என்றேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை மாவு இளகிவிட்டது, பாதி வெடித்துப் பூரணம் வெளியே வந்துவிட்டது. தாரணி வெடித்ததையெல்லாம் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

எட்டு மணிக்குப் போன் வந்தது. பின்னால் இன்ஜின் சத்தம்.

“சாப்பிட்டாச்சா மாமா?”

“ஆச்சு.”

“மாத்தரை?”

“போட்டுட்டேன் புள்ள.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் இதே பதில்தான். இரண்டு வருடம் எதையெதையோ சொன்ன வாய்தானே இதுவும்.

“எனக்குத் தெரியாது மாமா. இனிமே நான் லைன்ல இருக்கறப்பத்தான் போடோணும்.”

கோபித்துக்கொண்டு வைத்துவிடப்போகிறார் என்று நினைத்தேன்.

“இன்னும் போடலை” என்றார். “பசங்க பக்கத்துலயே இருந்தாங்க. படுக்கறப்பப் போடலாம்னு இருந்தேன்.”

“இப்பப் போடுங்க. அந்தப் பக்கமாத் தள்ளி நின்னு போடுங்க.”

நடக்கும் சத்தம். இன்ஜின் மெல்லத் தூரமானது. டப்பா மூடி திருகும் சத்தம், பிறகு தண்ணீர் மடக் மடக்கென்று இறங்கியது.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு” என்றேன். “நாளைக்கும் எனக்குக் கேக்கோணும்.”